பக்கத்துப் பல்கலைக்கழகமும் ஐந்தரை மணி பஸ்ஸும்

மே மாதம் பிறந்தால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். அதனால் பழைய மாணவிகளின் பெற்றோர், எங்கள் ஊர் பள்ளத்தூர்க்காரர்கள், பங்காளி வீட்டு உறவு என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்வி மட்டும் மாறாது. "பக்கத்துலயே இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் இருக்கே, எதுக்காத்தா பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணும்?" போன வாரம் ஒருவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான், நான் சொன்னதில் பாதி எனக்கே பிடிபடவில்லை என்று தெரிந்தது. சரி, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. நான் பக்கத்தில் இருக்கும் பெரிய இடத்தில் படித்தேன், என் தங்கை தூரத்தில் இருக்கும் சின்ன இடத்துக்குப் போனாள். இரண்டு பேருக்கும் பாடம் கணிதம்தான். பி.எஸ்ஸி. படித்ததுகூட ஒரே கல்லூரியில், பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நடுவில் ஒன்பது வருஷம் வித்தியாசம்.

எனக்கு 2013-ல் இந்தக் கேள்வியே எழவில்லை. எம்.எஸ்ஸி. என்றால் அழகப்பா பல்கலைக்கழகம், அவ்வளவுதான். பதினைந்து கிலோமீட்டருக்குள், ஒரு பஸ், தூக்குச் சட்டியில் சோறு. கானாடுகாத்தான் விலக்கில் இருந்து ஏறி வருகிற கூட்டத்தோடு நெரிந்துகொண்டு போவேன். கோட்டையூரைத் தாண்டும்போதெல்லாம் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னது ஞாபகம் வரும், "இந்த ஊர்ல பிறந்த மனுசன் இல்லேன்னா நீ எங்க போயிப் படிச்சிருப்ப?" அவர் சொன்னது வள்ளல் அழகப்பரை. 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் ஒரு கூட்டத்தில் ஊருக்கு ஊர் கல்லூரி வேண்டும் என்று கேட்க, இவர் அங்கேயே எழுந்து நான் ஆரம்பிக்கிறேன் என்று சொல்லி, அதே வருஷம் காந்தி மாளிகையில் கல்லூரியைத் தொடங்கியும் விட்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததற்கு அவர் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும்தான் காரணம். நேரு வந்து 1948-ல் அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தவர். இந்தச் சீமையில் பெண் பிள்ளைகள் நாலு தலைமுறையாகப் பட்டம் வாங்குகிறார்கள் என்றால் அந்தப் படிப்பு வாசலுக்கு வந்ததால்தான். அப்படிக் கொண்டுவந்து வைத்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போவது எங்கள் பக்கம் கொஞ்சம் நன்றி கெட்ட காரியம் மாதிரியே பார்க்கப்படும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இருக்கும்.

இரண்டு வருஷம் அங்கே படித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்வது பாதி உண்மை. பெரிய இடம் என்பது ஒரு சுகம். நானூறு ஏக்கருக்கு மேல் வளாகம், எத்தனையோ துறை. கணக்கு சலித்துப்போன நாளில் தமிழ்த் துறையில் யாரோ பேச வந்திருக்கிறார்கள் என்று போய் உட்காரலாம், யாரும் நீ யார் என்று கேட்க மாட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் இருந்து வந்த பிள்ளைகள், வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்குகிறவர்கள், அவர்களோடு சேர்ந்து சாப்பிட்ட பிறகுதான் பள்ளத்தூர் வீட்டு முற்றமான வளவைத் தாண்டியும் உலகம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கட்டணமும் அப்பச்சியின் கையைக் கடிக்கவில்லை. பி.எட். படிக்கவும் வேறு ஊர் தேடவில்லை, அதே பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரி. வேலைக்கான தேர்வுக்கு என்னோடு சேர்ந்து படித்த ஆறு பேரும் அங்கே கிடைத்தவர்கள்தான். இன்றைக்கு எனக்குச் சம்பளம் வருகிறது என்றால் அந்த ஆறு பேருக்கும் அதில் பங்குண்டு.

மறு பாதிக்கு வருகிறேன். பக்கத்தில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிற பிள்ளை. என் படிப்பு முடியும் வரை இதை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் பழைய வீடு. ஏழு பங்காளிகளுக்குச் சொந்தம், ஆறு பேர் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் இங்கேதான் வந்து நடத்துவார்கள், அதுவரைக்கும் பூட்டு, சாவி எங்களிடம். கரண்டு பில் கட்ட, தாழ்வாரத்து ஓடு மாற்ற ஆள் பிடிக்க, ஐயாவுக்கு (அப்பச்சியின் அப்பா) மாத்திரை வாங்க, அப்பத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போக, வீட்டைப் பார்க்கணும் என்று கேமராவோடு வந்து நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிட, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. "அவதான் இருக்காளே" என்ற ஒரு வார்த்தை போதும், நம் சாயங்காலம் போய்விடும்.

அதற்கு மேல் பஸ் வேறு. ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும், வந்தாலும் இடம் கிடைக்குமா, விளக்கு வைத்த பிறகு பெண் பிள்ளை தனியாக வருவதா என்று ஆத்தா வாசலில் நிற்பார். அதனால் இரண்டு வருஷமும் அந்த பஸ்ஸுக்காக ஓடினேன். வகுப்பு முடிந்து, டீ குடித்து, யாராவது கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி "இது ஏன் இப்படி வருது?" என்று ஆரம்பிக்கும்போது மணி ஐந்தேகால் ஆகியிருக்கும், நான் பையை எடுத்துக்கொண்டிருப்பேன். ஹாஸ்டல் பிள்ளைகள் இருந்து பேசுவார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நூலகத்துக்குள் நான் போனது மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்த்தது ஒன்பதரையிலிருந்து ஐந்து வரைக்கும் உள்ள பல்கலைக்கழகம். அதற்குப் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?

தங்கை கதை வேறு. அவள் சின்ன வயசிலேயே ஒரு மாதிரி. பத்தாவது படிக்கும்போது, பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்பதற்கு யூக்ளிட் சொன்ன காரணத்தை நான் விளையாட்டாகச் சொல்லப்போய், அவள் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி, "ஆச்சி, எல்லாப் பகா எண்ணையும் பெருக்கி ஒண்ணு கூட்டினா வர்றது பகா எண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லையே" என்றாள். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.) 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி ஒன்று கூட்டினால் 30031. அது 59-ஐ 509-ஆல் பெருக்கினால் வருகிற எண். இதை அவள் கையாலேயே வகுத்து வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். யூக்ளிட் சொன்னதில் தப்பில்லை, வருவது எப்போதும் பகா எண்தான் என்று நான் சொன்ன விதத்தில் தப்பு. அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் திட்டிவிட்டுப் படுத்தேன்.

2022-ல் அவளுக்கு அழகப்பாவிலும் இடம் கிடைக்கும், சென்னைக் கணித நிறுவனத்தின் நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டாள் என்று நிலைமை. கணித நிறுவனம் என்றதும் பலருக்குத் தெரியாது, எங்கள் வீட்டிலும் தெரியாது. சி.எஸ்.சேஷாத்ரி என்ற கணித மேதை 1989-ல் தொடங்கியது. 2005-ல் சென்னையை ஒட்டிய சிறுசேரிக்குப் போனது, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து. மொத்தப் படிப்பிலும் சேர்த்தே சில நூறு பேர்தான் இருப்பார்கள். எங்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் மட்டும் அதைவிட அதிகம்.

வளவில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. அப்பத்தா, "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறா இவ" என்று ஆரம்பித்தார். அயித்தை ஒருவர், படித்து முடித்து எப்படியும் டீச்சர்தானே ஆகப்போகிறாள், அதற்கு நானூறு கிலோமீட்டர் எதற்கு என்றார். (என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை.) தங்கை சும்மா இருக்கவில்லை. "ஐயாவோட அப்பச்சி பன்னிரண்டு வயசுல பர்மாவுக்குக் கப்பல் ஏறினாரே, கடையில பெட்டியடிப் பையனா வேலைக்கு?" என்றாள். உண்மைதான், கொண்டுவிக்கப் போவது, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போவது என்றால் மூன்று வருஷக் கணக்கு, முடிந்தால்தான் ஊர் திரும்ப முடியும், அந்தக் காசில் கட்டிய வளவில் உட்கார்ந்துதான் சிறுசேரி தூரம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்பத்தா அசரவில்லை, "அவரு ஆம்பளை" என்றார். தங்கை விடவில்லை. "சரி, அழகப்பர் எங்க படிச்சார்? சென்னையில எம்.ஏ., அப்புறம் லண்டன். கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் பல்கலைக்கழகம் கட்டினாரே, கானாடுகாத்தான்லயா கட்டினார்? சிதம்பரத்துல." இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லை என்பதால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை, எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன், இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். அழகப்பாவிலேயே சேரட்டும், ஆனால் காரைக்குடியில் ஹாஸ்டலிலோ அறை எடுத்தோ தங்கட்டும். எல்லோரும் சிரித்தார்கள். "பதினஞ்சு கிலோமீட்டருக்குத் தனி ஜாகையா? வீட்டுல என்ன சண்டைன்னு ஊரே கேக்கும்." கோபித்துக்கொண்டு போனால்தான் பதினைந்து கிலோமீட்டருக்கு வெளியே தங்குவார்களாம். நானூறு கிலோமீட்டர் போனால் படிக்கப் போயிருக்கிறாள் என்று ஆகிவிடும். தூரத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் அப்பச்சி, "போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறி, எழும்பூரில் இறங்கி, பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் மாறி மாறிப் போனோம். சிப்காட் தொழிற்பேட்டை உள்ளே கண்ணாடிக் கட்டடங்களாக ஐ.டி. கம்பெனிகள், நடுவில் இது. நின்ற இடத்திலிருந்தே வளாகத்தைப் பார்த்து முடித்துவிடலாம். அப்பச்சி என் காதில், "நம்ம ஊரு வீட்டுல ரெண்டைச் சேர்த்தா இவ்வளவு வருமா?" என்றார். வெயில் வேறு. இது தேறாது என்றே நினைத்தேன்.

கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் மூன்று பிள்ளைகள், ஒரு பெண், இரண்டு பையன்கள், ஒரு தாளை நடுவில் வைத்து அப்படியொரு சண்டை. அந்தப் பெண் கையில் வைத்திருந்த சப்பாத்தி ஆறிக்கொண்டிருந்தது. அப்பச்சி கடை வைத்திருப்பவர், கணக்குப் பிள்ளைகளின் சண்டை அவருக்குத் தெரியும், பொறுக்க மாட்டாமல் போய், "என்னப்பா தகராறு?" என்று கேட்டேவிட்டார். அந்தப் பையன் எழுந்து நின்று, "ஒண்ணும் இல்ல அங்கிள், மூணாவது வரியிலிருந்து நாலாவது வரிக்கு வர முடியாதுன்னு இவ சொல்றா" என்றான். அப்பச்சி தாளை வாங்கிப் பார்த்தார். அதில் ஒரு எண்கூட இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டார். நாங்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மோர் குடித்து எழுந்தபோதும் அந்த மூன்று பேரும் அதே மூன்றாவது வரியில்தான் இருந்தார்கள். யாருக்கும் பஸ் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். தங்கை முகத்தைப் பார்த்தேன், அவள் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ரயிலில் அப்பச்சி, "கட்டணம் எவ்வளவுன்னு சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். கூடுதல்தான். சலுகைக்கு மனு போட்டோம், மிச்சத்துக்கு அப்பச்சி வழி பார்த்துக்கொண்டார், அந்த விவரமெல்லாம் இங்கே வேண்டாம்.

அவள் போன பிறகு எல்லாம் பொன்னாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பருவம் முழுக்க அழுகை. எங்கள் கல்லூரியில் தேற்றத்தை மனப்பாடம் செய்து எழுதினால் முதல் மார்க். அங்கே அவளோடு உட்கார்ந்தவர்களில் சிலர் பள்ளிக்கூடத்திலேயே ஒலிம்பியாட் கணக்கெல்லாம் போட்டவர்கள். பெரிய இடத்தில் தெரியாவிட்டால் பின் பெஞ்சில் ஒளிந்துகொள்ளலாம், நான் ஒளிந்திருக்கிறேன். சின்ன இடத்தில் ஒளிய இடமே கிடையாது. ஒருநாள் வராவிட்டால் எல்லோருக்கும் தெரியும். சண்டை போட்டால் மறுநாள் காலை இட்லித் தட்டுக்கு எதிரே அதே முகம். கணக்கே வேண்டாம் என்று தோன்றிய ஒரு மாதத்தில், வேறு பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அங்கே ஒன்றும் இல்லை. கணிதமும் அதன் உறவுக்காரப் பாடங்களும்தான். என்னைப் போலத் தமிழ்த் துறை வாசலில் போய் உட்கார அவளுக்கு வழியில்லை.

பிள்ளையார் நோன்புக்கு அவள் வரவில்லை. கார்த்திகைக்கு இருபத்தோராம் நாள் வருகிற நோன்பு, இருபத்தோரு இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, எரிகிறபோதே வாயில் போட்டுக்கொள்வோம். அப்பத்தா ஆளை எண்ணாமல் மாவைப் பிடித்துவிட்டு, கடைசியில் ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்த்தார். அது பரவாயில்லை. அடுத்த வருஷம் ஐயா போனபோது நடந்ததுதான் ஆறவில்லை. காலை ஏழு மணிக்குச் சொன்னோம். அவள் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, திருச்சியில் மாறி, புதுக்கோட்டையில் மாறி வந்து இறங்கும்போது வீடு கழுவி விட்டிருந்தார்கள். முகப்பில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். ஐயா கடைசி வாரம் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருக்கிற பிள்ளை. போனில் கேட்கிற எந்தப் பெற்றோரிடமும் இதை நான் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

இரண்டாம் வருஷம் அவள் மாறிப்போனாள். ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்து ஒரு நிரூபணத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்வாள், பாதி எனக்குப் புரியாது, குரல் மட்டும் புரியும். இப்போது ஆராய்ச்சி மாணவி, இன்னும் தூரத்தில்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்கிறேன்? பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பக்கத்திலேயே சேருங்கள் என்கிறேன். என்ன படிக்கப் பிடிக்கும் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்குப் பெரிய இடம் நல்லது, நாலு கதவு திறந்து பார்க்கலாம். ஆனால் சேர்த்த பிறகு ஒரு காரியம் செய்யுங்கள், ராத்திரி எட்டு மணி வரை அந்தப் பிள்ளையைத் தேடாதீர்கள் என்று சொல்வேன். "அவதான் இருக்காளே" என்று மருந்துக் கடைக்கு அனுப்பாதீர்கள். இதைச் சொன்னால் பல பேர் போனை வைத்துவிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அக்காவை எழுப்பி 30031 என்று சொல்கிற பிள்ளை என்றால் அனுப்பிவிடுங்கள், எவ்வளவு தூரமாக இருந்தாலும், எவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும். போன வாரம் கேட்டவரிடம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது மார்க்கையும் கட்டணத்தையும் இல்லை. அந்தப் பிள்ளை ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறேன்.

என் விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தங்கை படித்து முடித்த தாள்களை, இரண்டு வருஷத்துக் கணக்குகள், ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி எனக்கு அனுப்பியிருந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் பழைய மாணவி என்று அனுமதி வாங்கிக்கொண்டு அழகப்பா நூலகத்துக்குப் போகிறேன். போன சனிக்கிழமை ஏழாவது தாளில் நாலாவது கணக்கு. ஐந்தேகாலுக்குக் கை தானாகப் பையை எடுத்தது, பிறகு கீழே வைத்தேன். ஆத்தாவுக்குப் போன் செய்து, வர எட்டு மணி ஆகும், கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "என்னாத்தா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை, கணக்கு முடியவில்லை என்றேன்.